கண் திறந்த படம்

சதுரங்கப்பட்டினத்தில் நான் தங்கிய விடுதிக் கூடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. பேர்போன கொலைகாரன் ஒருவனின் புகைப்படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கி, அதிலிருந்து அச்சடித்தது. பெருக்க வரும் அம்மா, ஒல்லி உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம், தினமும் அதற்குப் பூ வைப்பார். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

"கொலைகாரனுக்கா பூ?" என்று சிரித்தேன்.

"தெரியும் சார். வெறும் போட்டோன்னா செத்தவன்னு வுட்டுடலாம். இது செல மாதிரி செதுக்கினதாமே. கண்ண தொறந்து உசுரு குடுத்து வுட்டுகிறானுங்க. பூ வெக்காட்டி சும்மா இருப்பானா? நாளைக்கு நான் லீவு. நீங்க வெச்சுடுங்க."

மறுநாள் விடுதியில் நான் ஒருவன்தான் இருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. ஆனாலும் விடிந்ததும் கடைத்தெருவுக்கு ஓடி மல்லிகை வாங்கி வந்தேன். படத்துக்கு வைத்தேன். அந்த அம்மாவைப் போலவே நானும் முகத்தைப் பார்க்கவில்லை.