அக்காவின் வாழ்த்து மடல்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. அவர் படத்துக்கு விளக்கேற்ற வந்திருக்கும் உறவுகளுக்கு, ஊர் மெதுவாகப் பேசிய ஒன்றை நான் உரக்கவே சொல்லிவிடுகிறேன். அக்கா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

சித்தூரை அடுத்த தோட்டத்து வீட்டில் பிறந்தவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால், அடுப்படியோடு தங்கையான நானும் அவர் பொறுப்பானேன். எழுபதுகளின் தொடக்கத்தில் உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் வாழ்த்து மடல் அக்காதான் எழுதுவார். அதை அச்சடித்து, கண்ணாடி போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பது வழக்கம்.

அத்தை மகனுக்கு அக்கா என்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அக்காவும் அவரையே மனதில் வைத்திருந்தார். பிறகு அத்தை வேறிடத்தில் பெண் எடுத்தார். அதோடு விடாமல், "வாழ்த்து நீதான் கண்ணு எழுதோணும், உன்னையாட்ட ஆரு எழுதுவா?" என்று வீட்டுக்கே வந்து கேட்டார். அக்கா எழுதினார். அத்தை வீட்டு வாசலில் போட்ட மேடையில் நாலு வரி தாண்டுமுன் குரல் உடைந்துவிட்டது. மைக் செட் கட்டிய கல்யாணம், அழுகை தென்னந்தோப்பு வரை கேட்டது. அவமானத்தில் அக்கா எழுதுவதையே விட்டுவிட்டார்.

நடந்ததெல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டவர் மாமா. சித்திரபுரத்தில் அவருக்கு மின்சார வாரிய வேலை. அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கு, "எழுது புள்ள, நான் வாசிச்சுக்கறேன்" என்பார். அக்கா எழுத, மாமா தப்பும் தவறுமாக வாசிப்பார். தன் வரிகள் படும் பாட்டைப் பொறுக்காமல் அக்கா ஒருநாள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து, அதே வாசலில் அத்தை மகளுக்குக் கல்யாணம். மடல் எழுதச் சொல்லிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அக்காவே எழுதிக்கொண்டு வந்து, மேடையேறி முழுவதும் வாசித்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அன்னைக்கு அழுதது நெசந்தானுங்க அத்தை. ஆனா வாழ்த்துனதும் நெசந்தானுங்க" என்றார் அக்கா.

கடைசி நாள்களில் அக்காவைத் தாங்கிய சித்திரபுரத்து அண்டை வீட்டாருக்கும், சித்தூரிலிருந்து ஓடி வந்த அத்தை குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

இதுவரை எழுதியதை மாமாவிடம் கொடுத்தேன். ஓர் எழுத்துப் பிசகாமல் உரக்க வாசித்தார். மேடையில் அவர் தப்பாக வாசித்ததெல்லாம் வேண்டுமென்றே என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசி வரியில் மட்டும் குரல் உடைந்தது. பிடுங்கி வாசிக்க அக்கா இல்லை.