நாலு பேர் தூக்கிய கட்டில்

காலை ஆறு மணி பத்து நிமிடம். சித்திரை மாதத்தின் முதல் திங்கட்கிழமை. பல் துலக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றபோது வலது காலில், முழங்காலுக்கு நான்கு விரல் கீழே, வெளிப்பக்கமாக ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு இருந்தது. நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு. தொட்டால் நெருப்பு பட்டதுபோல் எரிந்தது.

நேரத்தைக் குறித்து வைத்ததற்குக் காரணம் பழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தேன். மதுரையில் அச்சாகும் ஒரு பத்திரிகைக்கு ஊர்ச் செய்திகளும் எழுதி அனுப்புவேன். நேரமும் இடமும் இல்லாத செய்தியை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மாலையில் எனக்கு வேறொரு வேலை. ஊர்க் கால்பந்து அணியின் பின்வரிசைக்குப் பயிற்சி கொடுப்பது. அப்போதைய ஆட்டத்தில் முன்னால் ஐவர், அவர்களுக்குப் பின்னால் மூவர், கோல் காவலருக்கு முன்னால் இருவர். முன்னால் ஆடுபவர்களைக் கேப்டன் சங்கரலிங்கம் பார்த்துக்கொண்டார். பின்னால் நிற்கும் ஐவர் என் பொறுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்தேன். அதை வேலை என்று என் மனைவி எஸ்தர் மட்டுமே ஒப்புக்கொண்டிருந்தாள்.

பின்வரிசைக்காரர்கள் கோல் அடிப்பதில்லை. கோல் அடித்தவன் பெயர்தான் பத்திரிகையில் வரும். என் ஐவரின் பெயரை நானே எழுதி அனுப்பினாலும் அச்சில் அது இருக்காது. மூட்டை தூக்கும் மாடசாமி, தச்சர் சவரிமுத்து, தபால்காரர் வேலாயுதம், தறி நெய்யும் இருளப்பன், ராஜபாளையத்தில் பிறந்து எங்கள் ஊரில் கடை வைத்திருந்த கோபால். இந்த ஐந்து பேரையும் ஊருக்குத் தெரியும். பத்திரிகைக்குத் தெரியாது.

நான் எப்போதும் கோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துதான் பயிற்சி கொடுப்பேன். நின்று பார்த்தால் கண் பந்தின் பின்னால் போய்விடும். உட்கார்ந்தால் கால்கள் தெரியும். பின்வரிசையின் ஆட்டம் முழுவதும் கால்களில் இருக்கிறது. எதிரி வரும்போது அவசரப்பட்டுக் காலை நீட்டக் கூடாது. எல்லோரும் ஒரே அளவில் பின்வாங்க வேண்டும். ஒருவருக்கொருவர் உள்ள இடைவெளி மாறக் கூடாது. முதல் பாடத்தை ஓரளவு சொல்லிக் கொடுத்திருந்தேன். மற்ற இரண்டும் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அவர்களுக்கு வரவில்லை. முந்தின ஆண்டு ராஜபாளையம் அணி எங்களுக்கு ஐந்து கோல் போட்டிருந்தது. இந்த ஆண்டு ஆட்டம் ஆனியில், அவர்கள் ஊரில்.

மூன்றாம் நாள், எரிச்சல் தாங்காமல் காலை வாளித் தண்ணீரில் வைத்தேன். கொப்புளம் உடைந்தது. வெள்ளை நூல் ஒன்றின் முனை வெளியே தெரிந்தது. அது மெதுவாக அசைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார். நரம்புச் சிலந்தி (நரம்பைப் போல இருப்பதால் வந்த பெயர், உண்மையில் தோலுக்கடியில் வளரும் ஒரு நீளமான புழு).

“போன வருஷம் இதே சமயம் எந்தத் தண்ணியக் குடிச்சீங்க?” என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இந்தக் கேள்விக்குத் திணறியிருப்பார்கள். நான் எஸ்தரிடம் சொல்லி, செய்தி நறுக்குகள் ஒட்டிய நோட்டை எடுத்துவரச் செய்தேன். போன சித்திரையில் ஒரு கிராமத்தில் நட்பு ஆட்டம். ஐந்தரைக்கு முடிந்தது. அருகே ஒரு படிக்கிணறு. எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் முன்வரிசை குடிக்கும், அடுத்து பின்வரிசை, கடைசியில் நான். பத்துப் பேரின் கால் பட்டுக் கலங்கிய தண்ணீரை இரு கையாலும் அள்ளிக் குடித்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கும் என்றும், புழுவின் குஞ்சு அவற்றுக்குள் இருந்து நம் வயிற்றுக்கு வரும் என்றும், வெளியே தலைகாட்ட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்றும் டாக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்பது அவருக்கும் தெரியவில்லை.

மருந்து எதுவும் இல்லை. புழுவின் முனையை ஒரு தீக்குச்சியில் சுற்றிவைத்து, நாளுக்கு ஒரு சுற்று மட்டும் சுற்ற வேண்டும். ஈரத்துணி போட்டுக் காயத்தைக் குளிர வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது.

“அறுந்துபோனா?”

“அறுக்காதீங்க” என்றார் டாக்டர்.

இதே நோயோடு படுத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் பயிற்சிக்குப் போகும் வழியில் ஐவரும் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். குச்சி ஒரு சுற்று சுற்றப்படுவதைப் பார்க்க அவ்வளவு ஆர்வம். கோபால் ஒரு நூலை வைத்து அளப்பார். “இன்னைக்கு அரை விரக்கடைதான் சார். நேத்து ஒண்ணு வந்துச்சு” என்பார். எவ்வளவு நீளம் இருக்கும் என்பதில் அவர்களுக்குள் போட்டி. மாடசாமி இரண்டு முழம் என்றார். எஸ்தர் வாசல்படியில் நின்றபடி, “பாவம், அது ஒண்ணு. அதப் பாக்க அஞ்சு பேரு” என்பாள்.

குச்சியில் சுற்றத் தொடங்கிய பதினோராம் நாள் மாலை. அந்த ஆண்டுப் பயிற்சி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. நான் ஒரு நாளும் போகவில்லை. குச்சியில் இருந்தது ஒரு சாண். இந்தக் கணக்கில் போனால் பயிற்சிக் காலம் முழுவதும் படுக்கையில்தான். எஸ்தர் மாதாகோவிலுக்குப் போயிருந்தாள். மாடசாமி மட்டும் முன்னதாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைய சுற்று முடிந்துவிட்டது. நான் இன்னொன்று சுற்றினேன். வந்தது. மூன்றாவதையும் தொடங்கினேன்.

“சார், செத்த நேரம் பொறுங்க” என்றார் மாடசாமி. “கால நீட்டாதலே, கால நீட்டாதலேன்னு எங்களப் போட்டு ஏசுவீய. இப்ப நீங்க நீட்டுதீய.”

“சும்மா இரு” என்றேன்.

சத்தம் எதுவும் இல்லை. குச்சி கையில் தளர்ந்தது. அறுந்த மறுமுனை காயத்துக்குள் போய்விட்டது. மாடசாமி என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எஸ்தர் தாயி வரட்டும், நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுதேன்” என்று எழுந்தார்.

அடுத்த நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் முழங்கால் வரை வீக்கம். அறுந்த புழு உள்ளே அழுகி, சீழ்க்கட்டி (சதைக்குள் சீழ் தேங்கிய வீக்கம்) ஆகிவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை. விரலால் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

“சீழ் இந்தக் கோட்டத் தாண்டி மூட்டுக்குள்ள போயிட்டா, முட்டு மடங்காது. நடப்பீங்க. குத்தவச்சு உட்கார முடியாது.”

என்னைப் பொறுத்தவரை அது கால் போவதற்குச் சமம். அதை அவரிடம் சொல்லவில்லை. எஸ்தர் சொன்னாள்: “டாக்டர், அவியளுக்கு உட்காந்தாத்தான் கண்ணு தெரியும்.” டாக்டர் அதை வேறு ஏதோ நோய் என்று நினைத்து என் கண்களைப் பரிசோதித்தார்.

இரண்டு இடங்களில் கீறிச் சீழை எடுத்தார்கள். மீதிப் புழு துண்டு துண்டாக வந்தது. பதினாறு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கோட்டைத் தாண்டியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காலைப் பலகையில் நீட்டிக் கட்டி அனுப்பினார்கள். மடக்கக் கூடாது, ஊன்றக் கூடாது, மாட்டுவண்டியில் போகக் கூடாது, குலுங்கும் என்றார்கள்.

அன்று மாலையே ஐவரும் வீட்டுக்கு வந்தார்கள். என்னைப் படுக்கவைத்திருந்த கயிற்றுக் கட்டிலின் நான்கு கால்களையும் நால்வர் பிடித்தார்கள். மாடசாமியும் சவரிமுத்தும் தலைப்பக்கம், இருளப்பனும் கோபாலும் கால்பக்கம். வேலாயுதம் முன்னால் நடந்து வழி சொன்னார். மைதானம் வீட்டிலிருந்து அரை மைல்.

தெருவில் ஒரு பெரியவர் கட்டிலைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நான் கையைத் தூக்கி வணக்கம் சொன்னேன். அவர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் பயணம் கொடுமை. மாடசாமி எட்டு வைத்தால் ஒரு கஜம். இருளப்பன் எட்டு வைத்தால் அதில் பாதி. கட்டில் சாய்ந்தபோதெல்லாம் காலில் கத்தி இறங்கியது. நான் கத்தினேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களை அப்படி ஏசியதில்லை.

“ஏலே மாடசாமி, உன் காலக் கொஞ்சம் கொறைச்சுப் போடு” என்றார் சவரிமுத்து. “சார் பேசுத பேச்ச மாதாகோவில்ல கேட்டா உள்ள விட மாட்டாவ.”

நான்காம் நாள் நான் கத்துவது பாதியாகக் குறைந்தது. ஒரு வாரம் கழித்துக் கட்டில் தண்ணீரில் போவதுபோல் போயிற்று. பேச்சே இல்லாமல் நால்வரும் சேர்ந்து திரும்பினார்கள், சேர்ந்து நின்றார்கள். வண்டி எதிரே வந்தால் சேர்ந்து பின்வாங்கினார்கள். அதை முதலில் கவனித்தது நான் இல்லை. எஸ்தர். பின்னால் நடந்து வந்தவள் கட்டில் பக்கம் குனிந்து, “நீங்க வருஷக்கணக்காச் சொல்லிக்கிட்டு இருந்தது இதத்தானே?” என்றாள்.

அதன்பிறகு பயிற்சியை மாற்றினேன். மைதானத்துக்கு வந்ததும் என்னைக் கோட்டோரத்தில் இறக்கிவிட்டு, கட்டில் இன்னும் கையில் இருப்பதாக நினைத்து ஆடச் சொன்னேன். படுத்த நிலையில் என் கண் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. கால்கள் மிக நன்றாகத் தெரிந்தன.

ஆனியில் ராஜபாளையம் போனோம். கட்டிலைப் பஸ்ஸின் மேலே ஏற்றினார்கள். உள்ளே என் கால் ஏழு மைலும் மாடசாமியின் மடியில் இருந்தது. இறங்கியதும் மறுபடி கட்டில். மைதானத்தில் நிறைந்திருந்த கூட்டம் எங்களைப் பார்த்து அமைதியானது. ஒருவர் வேலாயுதத்திடம் தணிந்த குரலில், “எப்பங்க தவறுனாரு?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல” என்றேன் நான், படுத்தபடியே.

ஆட்டம் நாலரைக்குத் தொடங்கியது. ராஜபாளையம் முன்வரிசை ஐவரும் நல்ல வேகம். பந்து வரும்போதெல்லாம் வேலாயுதம், “கட்டில், கட்டில்” என்று குரல் கொடுத்தார். நால்வரும் ஒரே எட்டில் பின்வாங்கினார்கள். இடைவெளி மாறவில்லை. கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபாலைத் தெரிந்தவர்கள் தெலுங்கில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். இரண்டாம் பாதியில் ஒரு முறை மாடசாமியின் கால் நீள்வதுபோல் போனது. என் பக்கம் பார்த்தார். காலை இழுத்துக்கொண்டார்.

இரு பக்கமும் கோல் இல்லை. சங்கரலிங்கம் கட்டிலில் என் அருகே வந்து உட்கார்ந்தார்.

“என் ஆளுக ஒருத்தனும் கோல் போடல. பேப்பருக்கு என்னத்தவே எழுதுவீரு?”

“இருக்கதத்தான்” என்றேன்.

கோல் அடித்தவர் இல்லாததால் எழுதுவதற்கு வேறு யாரும் இல்லை. பின்வரிசை ஐவரின் பெயரையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஐந்தும் அச்சில் வந்தன. வேலாயுதம் அன்று தபால் பையோடு அந்தப் பத்திரிகையையும் தெருத் தெருவாகக் கொண்டுபோனார். கடிதம் வராத வீடுகளிலும் நின்றிருக்கிறார்.

ஆடியில் பலகையை அவிழ்த்தார்கள். கால் மெலிந்து, என்னுடையது அல்லாததுபோல் இருந்தது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. சதை இறுகியதாலா, மூட்டு கெட்டதாலா என்பது மடக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். தினமும் காலையில் எஸ்தர் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குத்தவைக்கப் பார்ப்பேன். குதிகாலுக்கும் தொடைக்கும் நடுவில் அவள் விரல்களை நுழைத்து எண்ணுவாள்.

“எம்புட்டு?”

“ஒம்பது வெரலு.”

ஒரு வாரம் ஒன்பதிலேயே நின்றது. பிறகு எட்டு. நாளுக்கு ஒரு சுற்று என்பதை இந்த முறை மீறவில்லை. ஐந்து விரலுக்கு வந்த அன்று எஸ்தர் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் எதற்கென்று தெரியாமலே பாயசம் கொடுத்தனுப்பினார்கள்.

இப்போது தண்ணீரை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறோம். அணிக்கும் அதே விதி. ஆட்டத்துக்குப் போகும்போது பந்தோடு அந்தத் துணியும் போகிறது. உடம்பைப் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது. அது நமக்குச் சொல்லாமல் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. போன வருடம் ஐந்தரை மணிக்குக் குடித்த தண்ணீருக்கு இந்த வருடம் ஆறு பத்துக்குப் பதில் சொல்கிறது. இன்று ஒரு செம்பு தண்ணீரைத் தூக்கும்போது அடுத்த சித்திரை நினைவுக்கு வருகிறது. அது பயமாக இல்லை. முன்பைவிட மெதுவாகக் குடிக்கிறேன், தண்ணீரின் ருசி தெரிகிறது.

ஆவணி முதல் வாரம், ஒரு விடுமுறை நாளில் வைத்த காலைப் பயிற்சிக்குக் கைத்தடியோடு நடந்துபோனேன். ஐவரும் வரிசையில் நின்றார்கள். யாரும் பந்தைத் தொடவில்லை. எஸ்தர் கைத்தடியை வாங்கிக்கொண்டாள். கோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். மணி ஆறு பத்து. மாடசாமியின் இடது கால் வரிசையைவிட ஓர் அடி முன்னால் இருந்தது.