பொட்டு வைத்த சடைநாய்

ஜமுனாமரத்தூரில் இருந்த வருஷங்களில் என் தொழில் பிறர் வீட்டு நாய் பூனைகளைப் பார்த்துக்கொள்வது. இதைத் தொழில் என்று சொன்னால் மலைக்காரர்கள் யாரும் ஒப்பமாட்டார்கள். எங்கள் குடியிருப்புக்கு மேற்கே இருந்த சிற்றூரில் சாமை பயிரிடுகிறவர் ஒருவர், எங்கள் வீட்டைத் தாண்டித்தான் நிலத்துக்குப் போவார். போகும்போதெல்லாம் அவருக்கு இதே பேச்சு.

"நாய்க்குச் சோறு போட்றதுக்குக் கூலி குடுக்கறாங்களாங்க? எங்க வூட்ல மூணு நாயி கீது. நாளைக்கு ஓட்டிக்கினு வர்றேன். கூடவே நானும் வர்றேன், எனக்கும் ஒரு தட்டு வைங்க."

கூலி வாங்கியது உண்மைதான். என் கணவர் அங்கே உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர்கள். மலையில் தனியாக இருக்கப் பயந்து ஆளுக்கு ஒரு நாயோ பூனையோ வளர்த்தார்கள். பண்டிகை வந்தால் போளூர் பஸ்ஸில் இடம் பிடித்து இறங்கிவிடுவார்கள். எங்கள் இருவர் பக்கத்திலும் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை. பண்டிகைக்குப் போக ஊரில்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். முதலில் நர்ஸம்மா தன் பூனையைக் கொண்டுவந்து விட்டுப் போனார். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

நர்ஸம்மாவின் பூனை யாராவது பார்த்தால் சாப்பிடாது. கிண்ணத்தை வைத்துவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும், பூனை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். தபால் ஆபீஸ்காரரின் நாய்க்குப் பழைய தபால் பை ஒன்றின் மேல்தான் தூக்கம் வரும். பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தால் அது பின்னால் வரும். பையைத் தூக்காமல் கூப்பிட்டால் என்னை அடையாளமே தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். பி.டி.ஓ. வீட்டுக் கிழட்டுப் பூனை எலி பிடித்துக் கொண்டுவந்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் எழுந்து பார்க்கும்வரை காத்திருக்கும். பாராட்டாவிட்டால் அடுத்ததைக் கொண்டுவரப் போய்விடும்.

இவற்றுக்குள் செல்லமாக வளர்ந்தது ரேஞ்சரின் நாய். காட்டிலாகா ரேஞ்சர் தனி ஆள். வேலூரிலிருந்து பொமரேனியன் குட்டி ஒன்றை வாங்கிவந்து வளர்த்தார். மலைக்காரர்கள் அதைச் சடைநாய் என்பார்கள். பாலில் ஊறிய ரொட்டிதான் தின்னும். கோழியைக் கண்டால் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ரேஞ்சர் முகாமுக்குப் போகும் நாளெல்லாம் அது எங்கள் வீட்டில்தான் இருக்கும். நான்தான் அதைச் சாலையில் நடத்திக்கொண்டு போவேன். அதனால் அது எங்கள் நாய் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பொங்கலுக்கு ரேஞ்சர் நீண்ட லீவில் ஊருக்குப் போயிருந்தார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே குழந்தை. அவள் தும்மினால் நான் தைலம் தேடுகிற ஜாதி.

மாட்டுப் பொங்கலன்று காலையில் மலைக்காரர்கள் எல்லார் வீட்டிலும் மாட்டுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். எங்களுக்கு மாடு கிடையாது. மகள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு போய்ச் சடைநாய்க்கு நெற்றி நிறையப் பொட்டு வைத்தாள், சாமந்தி மாலை போட்டாள். கொம்புக்கு வர்ணம் பூச வேண்டும் என்று காதைப் பிடித்து இழுத்தபோது அது அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. பல் நன்றாகவே இறங்கியிருந்தது.

சோப்புப் போட்டுக் கழுவி, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ஊருக்குப் போய்விட்டார். வாணியம்பாடிக்காரரான கம்பவுண்டர் மட்டும் இருந்தார். பொங்கல் தனக்குப் பண்டிகை இல்லை என்பதால் வருஷா வருஷம் அவர்தான் காவல்.

"வூட்டு நாய்தானேம்மா. பத்து நாள் கண்ணுல வச்சுக்கோ. நாய் நல்லா கீதுன்னா புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. செத்துச்சின்னாலோ, காணாம போச்சின்னாலோ அன்னிக்கே வேலூருக்குக் கூட்டிக்கினு போயிடு. வெறிநாய்க் கடி ஊசி, தொப்புளைச் சுத்திப் போடணும்."

அந்த ஊசியைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருந்தோம். அதைப் போட்டுக்கொண்ட ஒருவருக்குக் கால் விளங்காமல் போனது என்றும் பேச்சு உண்டு. நாயைக் கண்ணில் வைத்துக்கொள்வது எனக்குப் பெரிய காரியமில்லை, அதுதானே என் வேலை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் நாய் இல்லை. கட்டியிருந்த கயிற்றின் பாதி மட்டும் இருந்தது. சிறிது நேரத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் சீழ்க்கைச் சத்தமும் நாய்கள் குரைப்பதும் கேட்டது. நான் அதைக் கவனித்திருந்தேன், ஆனால் அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானும் கணவரும் பகல் முழுவதும் தேடினோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் சாமைக்காரர் வந்தார். கையில் தேக்கிலைப் பொட்டலம்.

"வாத்தியாரூட்டம்மா, இந்தாங்க. உங்க நாய்ப் பங்கு."

"எந்த நாய்?"

"சடைநாய்தாங்க. நேத்தே பொட்டு வச்சு மாலை போட்டு வச்சிருந்தீங்களே, பாத்தேன். சரி, வாத்தியாரூட்லயும் இந்த வருசம் வேட்டைக்கு நாய் அனுப்பறாங்கன்னு காலைல சீட்டி அடிச்சேன். கயித்த அறுத்துக்கினு வந்திருச்சு."

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவர்கள் வேட்டைக்குப் போவார்கள். எந்த வீட்டார் தங்கள் நாயை அனுப்புகிறார்களோ அவர்கள் முதல் நாளே அதற்குப் பொட்டு வைத்துவிட வேண்டும். கிடைத்த கறியில் நாய்க்கென்று ஒரு பங்கு அந்த வீட்டுக்கு வந்துவிடும். இந்த வழக்கத்தை நான் தெரிந்துகொண்டது அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கிய பிறகுதான்.

"எங்க வூட்டு நாயெல்லாம் மொயலப் பாத்து ஓடும். உங்க நாயி எங்களப் பாத்துத்தாங்க ஓடியாந்துச்சு. இருந்தாலும் பங்கு பங்குதான்."

"அது எங்க நாய் இல்லீங்க" என்றேன். "ரேஞ்சர் நாய். இப்ப அது எங்க?"

அவர் என் கையிலிருந்த பொட்டலத்தை மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நாங்க எங்கங்க வேட்டைக்குப் போனோம்? இது கடையில வாங்குன கறிங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

வேட்டையாடுவது குற்றம். வேட்டையாடுகிறவர்களைப் பிடிக்க வேண்டியவர் ரேஞ்சர். அவருடைய நாயையே வேட்டைக்குக் கூட்டிப்போனதாக எந்த ஊர்க்காரர் ஒப்புக்கொள்வார்? வேறொரு சமயமாக இருந்தால் நான் பல நாள் சிரித்திருப்பேன். அன்று சிரிக்க முடியவில்லை. என் கணவர், போளூர் ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறதா என்று விசாரித்து வருவதாகச் சொல்லி மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினார். நான் மகளை அழைத்துக்கொண்டு சாமைக்காரர் ஊருக்குப் போனேன்.

அங்கே வழியெல்லாம் நாய்கள் படுத்திருந்தன. எல்லா நாய் நெற்றியிலும் குங்குமம் கலைந்து கிடந்தது. ஆனால் வேட்டை என்ற சொல்லையே முதல்தடவை கேட்பவர்கள்போல் பேசினார்கள்.

"வேட்டையா? இன்னா வேட்டைங்க?"

"இந்தப் பக்கம் மொயலே கெடையாதுங்க. எலி கூட அபூர்வம்."

சாமைக்காரர் வீட்டு வாசலில் நின்று மகளின் கைக்கட்டை அவிழ்த்துக் காட்டினேன். கடித்த இடம் நீலமாக வீங்கியிருந்தது. "நான் ரேஞ்சர்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். இவளைக் கடிச்ச நாய் உயிரோட இருக்கான்னு மட்டும் பாக்கணும். இல்லேன்னா இன்னிக்கே இவளை வேலூருக்குக் கொண்டுபோகணும்" என்றேன்.

சாமைக்காரர் மனைவி உள்ளேயிருந்து முறத்தோடு வெளியே வந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ரேஞ்சராம் ரேஞ்சரு. புள்ள கையப் பாத்தியா? அவரு வந்து ஒன்னப் புடிச்சிக்கினு போனாலாவது வூட்ல கொஞ்சம் சத்தம் கொறையும். நீ வாம்மா."

பின்பக்கம் ஆட்டுக் கொட்டகையில் நாயைக் கூடை போட்டு மூடி வைத்திருந்தார்கள். கூடையை எடுத்தபோது மகளை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். நாயின் வாய் பாதி திறந்தபடி தொங்கியது. எச்சில் நூல்நூலாக வழிந்து மார்பு மயிரை நனைத்திருந்தது. முன்னால் வைத்திருந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"முள்ளம்பன்னிய மோந்து பாக்கப் போச்சுங்க" என்றார் சாமைக்காரர். "எங்க நாயிங்க வெவரம், தூர நின்னுக்குச்சு. இது சொந்தக்காரனப் பாத்தாப்பல கிட்டப் போச்சு. மூஞ்சியில மூணு முள்ளு. அங்கியே புடுங்கிட்டோம். அப்பலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டேங்குது. தேறட்டும், ராவோட ராவா ரேஞ்சர் வூட்டாண்ட வுட்டுட்லாம்னு இருந்தோம்."

முள் பிடுங்கியாகிவிட்டது, ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை. நான் கம்பவுண்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கொட்டகை வாசலிலேயே நின்று பார்த்தார்.

"முள்ளாலயும் இருக்கலாம்மா. அதாலயும் இருக்கலாம்."

அது எது என்று நான் கேட்கவில்லை.

"வாய்க்குள்ள முள்ளு ஒடைஞ்சி நின்னிருந்தா இப்படித்தான் இருக்கும். உள்ள ஒண்ணும் இல்லேன்னா மத்தியான பஸ்ஸுல கெளம்பிடு. யோசிக்காத."

வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பவள் நான்தான். இடது காதுக்குக் கீழே சொறிந்துகொண்டே கடைவாயில் கட்டைவிரலை வைத்தால் அது வாயைத் திறக்கும், ரேஞ்சருக்கே திறக்காது. சாமைக்காரர் மனைவி அதன் உடம்பைச் சாக்கில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டாள். என் கைகளில் கோணித்துணியைச் சுற்றினார்கள். கம்பவுண்டர் இடுக்கியை எடுத்துக்கொண்டு மிக மெதுவாகக் கிட்ட வந்தார்.

"நீ தொறந்து புடி, நான் எடுக்கறேன். பாதியில வுட்றாதம்மா. இந்தக் கையி போச்சின்னா கவர்மெண்டு வேற கையி தராது."

"பேசாம எடு சாயபு" என்றாள் மடியில் வைத்திருந்தவள். "நாயே பேசாம கீது."

மகளை வெளியே அனுப்பச் சொன்னேன். காதின் கீழே சொறிந்தேன். துணி சுற்றிய கையில் அதற்கு என்ன தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது. நாக்கு வீங்கியிருந்தது. நாக்கைத் தள்ளிப் பார்த்தபோது, அடியில் ஈறோரமாகக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முனை தெரிந்தது. தீக்குச்சி நீளம்கூட இருக்காது. கம்பவுண்டர் அதைப் பிடித்து இழுத்தபோது நாய் ஊளையிட்டது. கடிக்கவில்லை.

எடுத்ததை அவர் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "முள்ளுதான்" என்றார். "இதுவே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். தண்ணி குடிக்குதா பாரு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது."

தண்ணீர்க் கிண்ணத்தை அதன் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். மகள் வெளியே ஆட்டுக்குட்டிக்குக் குங்குமம் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. நாய் கிண்ணத்தைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்காலை நக்கியது. நர்ஸம்மா பூனையின் நினைவு எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாரையும் திரும்பி உட்காரச் சொன்னேன். கம்பவுண்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், ஆனால் திரும்பிக்கொண்டார். நாலு பெரிய மனிதர்கள் ஆட்டுக் கொட்டகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு நாக்கால் தண்ணீரை அளையும் சத்தம் கேட்டது. நடுவில் இருமியது, மறுபடி குடித்தது.

நான் அழுததாகச் சாமைக்காரர் மனைவி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். எனக்கு நினைவில்லை. மத்தியான பஸ் போன சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

ஊசிக்கு வேலூருக்குத்தான் போக வேண்டும் என்ற செய்தியோடு கணவர் திரும்பினார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த நாயைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். போகலாமா வேண்டாமா என்று இருவரும் தினமும் பேசினோம். தினமும் கம்பவுண்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாய் கஞ்சி குடித்தது, பிறகு ரொட்டி தின்றது, பிறகு கோழியைப் பார்த்துப் பயந்தது. அது பயந்ததைப் பார்த்துத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் முடிவதற்கு முன்பே ரேஞ்சர் வந்துவிட்டார். நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"எதுல குத்திக்கிச்சு?"

"முள்ளுலங்க."

அவருக்குக் காட்டு முள்ளுக்கும் முள்ளம்பன்றி முள்ளுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்காது. மேற்கே அந்த ஊர்ப் பக்கம் ஒருதரம் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்தார். நான் விடவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுங்க. கூலி வேணாம்."

"நான்தான் வந்துட்டேனேம்மா."

மகளைக் கடித்ததைச் சொன்னேன். அவர் கயிற்றை விட்டுவிட்டார். அன்று நாயை எங்களிடமே விட்டுப் போனார். பத்து நாள் கெடு முடிந்தபோது கம்பவுண்டர் வந்து, "முடிஞ்சி போச்சும்மா. இனிமே அது செத்தா அதுக்குத்தான் நஷ்டம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு நாயை ரேஞ்சரிடம் கொடுத்தேன். ஆனால் மறுநாள் காலையில் ரேஞ்சர் வீட்டு வேலியோரம் போய் நின்றேன். அதற்கடுத்த நாளும் போனேன். அவர் நாயை வாசலுக்குக் கொண்டுவந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பார். அது குடித்ததும் நான் திரும்பிவிடுவேன். அவருக்கு மாற்றல் வரும்வரை இது நடந்தது.

மகள் இப்போது வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மணிக்கட்டில் வெள்ளையாக இரண்டு தழும்பு. தோழிகள் கேட்டால் ரேஞ்சர் நாய் வேட்டைக்குப் போன கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாளாம். லீவுக்கு வரும்போது என்னிடமும் சொல்வாள். நன்றாகத்தான் சொல்கிறாள். ஆட்டுக் கொட்டகை வரை கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.