நான் கேட்காமல் விட்ட வீடுகள்

நான் அவசரக்காரி. ஊசி போடும்போது கை நிதானமாக இருக்கும், வாய்தான் இருக்காது. செஞ்சியில் கிராம நர்சாக என் பொறுப்பில் இருந்த ஒரு தெருவில், அந்த வாயால் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன்.

ஆடி வெள்ளிக்கு அந்தத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வாங்கி ஒரே அண்டாவில் காய்ச்சி, தூக்குச் சட்டியோடு வருகிற அத்தனை பேருக்கும் கொடுப்பது வழக்கம். காய்ச்சுவது எப்போதும் கூழ்வண்டி அக்காதான். மற்ற நாட்களில் கோட்டைக்குப் போகிற ரோட்டில் வண்டி போட்டிருப்பார். புருஷன் இல்லை. வண்டிதான் அவருக்கு எல்லாம்.

ஒரு வருஷம் கூழ் ஊற்றி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தெருவின் பள்ளத்துப் பக்க வீடுகளில் வயிற்றால் போக ஆரம்பித்தது. மறுநாள் காலையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். பதினோரு பேர் படுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பதினோரு பேரும் கோயில் கூழைச் சொன்னார்கள். நோட்டில் எழுத எழுத, கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டிராக்டர் ஓட்டுகிற ஒருவரின் மனைவி மிகவும் சோர்ந்து கிடந்தாள். "இன்னாம்மா ஆச்சி இவளுக்கு?" என்று அவர் வாசலுக்கே வந்து மறித்தார்.

நடுத்தெருவில் நின்று சொன்னேன்: "எல்லாம் கூழுதான், வேற இன்னா? பொட்டலத்த கரச்சி தண்ணி நெறய குடுங்க."

மத்தியானம் திரும்பி வந்தபோது அக்காவின் வீட்டு முன் கூட்டம். வண்டி குப்புறக் கிடந்தது, பானை உருண்டு சாக்கடை ஓரம் போயிருந்தது. அக்கா அழவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சீக்கு வந்தவங்கள மட்டுந்தான கேட்ட? மேட்டுல இருக்கறவங்களும் எங்கூழத்தான் குடிச்சாங்க. அவங்கள போயி கேளும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தம்மா எனக்குச் சொல்லித்தருவதா? அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் மேட்டுப் பக்கம் போனேன்.

முதல் வீட்டில் ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்திருந்தார்கள். அடுத்த வீட்டில் மீதியைப் புளிக்க வைத்து மறுநாளும் குடித்திருந்தார்கள். எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். நாலைந்து வீடு தாண்டியதும் என் பேனா நின்றுவிட்டது. தெருவே குடித்த கூழ் அது. ஊருக்கே தெரிகிற ராஜகிரி மலையைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டிருந்தாலும் அந்தப் பதினோரு பேரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம்தான் தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. மேட்டில் எல்லாரும் அடிபம்புத் தண்ணீர். பள்ளத்துக்கு மட்டும் சாக்கடையை ஒட்டி வருகிற குழாய். ஒருமுறை சூடுபட்டவள், உடனே நம்பவில்லை. பள்ளத்திலேயே கேன் தண்ணீர் வாங்குகிற இரண்டு வீடுகளைத் தேடிப் போய்க் கேட்டேன். கூழ் குடித்திருந்தார்கள், நன்றாகவும் இருந்தார்கள்.

அந்த வாசலில் நிற்கும்போதுதான் காலையில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றேன். காய்ச்சி ஆறவைத்து என்று சேர்த்துச் சொல்ல, கண்டுபிடித்த பெருமையில் மறந்திருந்தேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

டிராக்டர்காரர், மனைவியின் தலையை மடியில் வைத்து, சொம்பை அவள் வாயருகே கொண்டுபோயிருந்தார். பிடுங்கிவிட்டேன்.

"எந்த தண்ணி இது?"

"கொழா தண்ணிதான். நீங்கதான நெறய குடுக்க சொன்னீங்க?"

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, நான்காம் நாள் பிழைத்து வந்தாள். அதற்குள் நான் சொல்லி, பஞ்சாயத்து ஆட்கள் தோண்டிப் பார்த்து, சாக்கடைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்த குழாயை மாற்றிவிட்டார்கள். பேதி நின்றது.

அதே நடுத்தெருவில் நின்று, கூழ் காரணமில்லை, குழாய்தான் என்று சொன்னேன். டிராக்டர்காரர் சிரித்தார். "வண்டி நின்னுச்சி, பேதியும் நின்னுச்சி. இன்னாத்துக்கு இப்ப மாத்தி பேசறீங்க?" வண்டி கவிழ்ந்ததும் குழாய் மாறியதும் ஒரே வாரம்.

அக்கா வண்டியை நிமிர்த்தி மறுபடி போட்டார். நான் தினமும் காலையில் எல்லாரும் பார்க்க நின்று குடித்தேன். பல நாள் நான் ஒருத்திதான் குடித்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அக்கா வண்டியை நிறுத்திக் களை எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த ஆடிக்குக் கூழ் காய்ச்ச வேறு ஆளை வைத்தார்கள். முதல் வெள்ளிக் கூழில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறு வெள்ளி கூழ் வாங்க நின்ற வரிசையில் டிராக்டர்காரர் என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"பாத்தீங்களா நர்ஸம்மா? ஆள மாத்துனதும் எல்லாம் சரியாயிடுச்சி."

அவருக்கு அடுத்தபடியாக, தூக்குச் சட்டியோடு அக்கா நின்றிருந்தார்.