திருத்தம் ஏதும் உண்டா?

பிழை இல்லாத வரைக்கும் யார் கண்ணிலும் படாத வேலை, அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது. தங்கள் பெயரே தப்பாக அச்சாகி நொந்துபோன வாசகர்களே, உங்கள் கோபம் கடைசியில் வந்து சேருவது என் மேசைக்குத்தான். சிவகாசியில் பதினாறு வருடமாக, ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: “திருத்தம் ஏதும் உண்டா?”

முள்ளுக்காடு

மல்லாங்கிணறு பக்கத்து விவசாயி ஒருவர், மகள் காதுகுத்துப் பத்திரிகைக்காக வந்திருந்தார். புரூஃபைக் கையில் கொடுத்து, “திருத்தம் இருக்கா அண்ணாச்சி?” என்றேன். “இருக்கு தாயி, இன்னும் ஒரு ஏக்கர் கெடக்கு” என்று ஆரம்பித்தார். கருவேல முள்ளை வெட்டியது, வேரைத் தோண்டியது, மேட்டைச் சமப்படுத்தியது எல்லாம் சொன்னார். எனக்குக் குறுக்கிட மனசு வரவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோது காகிதத்தைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“காயிதத்தையா கேட்டீக? நான் நெலத்தைன்னுல்ல நெனச்சேன்! அங்கன திருத்தம் எங்க முடியுது, வெட்ட வெட்ட மொளைக்குது.”

ஓர் எழுத்து

பட்டாசுப் பெட்டி லேபிள். ‘வெடிக்காமல் அணைந்த வெடியைத் தொட வேண்டாம்’ என்பது ‘தொட வேண்டும்’ என்று அச்சாகிவிட்டது. பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். சீசன் அவசரத்தில் லோடு பட்டாசுக் கம்பெனிக்கே போய்விட்டது.

மறுநாள் காலை அங்கே லேபிள் ஒட்டும் முத்துமாரி என்ற பெண், பத்துப் பெட்டி ஒட்டியதும் கையை நிறுத்திவிட்டு ஃபோர்மேனைக் கூப்பிட்டிருக்கிறார். நல்லவேளை, ஒரு பெட்டியும் வெளியே போகவில்லை. வேறு லேபிள் அடித்து நானே கொண்டுபோனேன். எந்தக் குழந்தையின் விரல் போயிருக்குமோ என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். மூன்று தடவை படித்தும் எனக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நீக சரசரன்னு வாசிச்சிருப்பீக. நான் எழுத்துக்கூட்டித்தான வாசிப்பேன், அதான் மாட்டிக்கிச்சு.”

ஒரு சொல்

விருதுநகரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் மகள் நிக்காஹ் பத்திரிகைக்கு மனைவியோடு வந்து, புரூஃப் பார்த்து, சரி சொல்லிவிட்டுப் போனார். அச்சுக்கு ஏறுவதற்குள் அந்தம்மா இறந்துவிட்டார். கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். நாற்பது நாள் கழித்து அவர் தனியாக வந்தார். தேதியை மாற்ற வேண்டும், மனைவி பெயருக்கு முன்னால், காலமானவர் என்று பொருள்படும் ‘மர்ஹூமா’வைச் சேர்க்க வேண்டும் என்றார்.

சிவப்பு மையில் எழுதிக் காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“தேதியை மட்டும் மாத்துங்கம்மா. அந்தச் சொல்லை அடிச்சிருங்க. மக கல்யாணத்துக்கு அவளும் கூப்பிட்டதா இருக்கட்டும்.”

ஊரார் எழுத்தையெல்லாம் பதினாறு வருடமாகத் திருத்துகிறேன், என் கையெழுத்து மட்டும் இன்னும் எங்கள் டைப்பிங் ஆட்களுக்குப் புரிந்தபாடில்லை.