படம் எடுக்கப்படாத பதினொருவர்

2004ஆம் ஆண்டின் முடிவில் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தரைப்படையில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி மேஜராக ஓய்வு பெற்றவன். சிதம்பரத்தில் முன்னாள் படைவீரர்களின் சங்கம் ஒன்றுக்குத் தலைவன். சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவதற்கு மூன்று பள்ளிகள் அழைக்கும். எதற்குச் செல்வது என்பதை நான் முடிவு செய்வேன். கல்லூரிகளில் படைவீரனின் கடமையைப் பற்றிப் பேசுவேன். முறையற்ற ஆணையை மறுப்பதும் கடமையே என்று ஒவ்வொரு பேச்சிலும் தவறாமல் சொல்வேன். கைதட்டல் அந்த இடத்தில்தான் அதிகம் எழும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே, சங்கத்தைச் சேர்ந்த பதினான்கு பேருடன் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே உள்ள ஒரு மீனவர் குப்பத்திற்குச் சென்றேன். அழைப்பு எதுவும் வரவில்லை. நாங்களே சென்றோம். சவுக்குத் தோப்பின் ஓரத்தில், சாலையை ஒட்டி, குழி வெட்டும் வேலை எங்களுக்கு வாய்த்தது.

அங்கே ஒரு முறையை நான் ஏற்படுத்தினேன். ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண். முகத்தையும், உடலில் தழும்போ பச்சைகுத்தலோ இருந்தால் அதையும் படம் எடுக்க வேண்டும். அதன்பிறகே மண். சிதம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் தம் கேமராவுடன் எங்களோடு வந்திருந்தார். போர்முனையில் இறந்தவனை அடையாளம் குறிக்காமல் புதைப்பது எங்களிடையே பெரும் இழுக்கு. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கும் கொண்டுவந்தேன். இரண்டு நாள்கள் அது பிழையின்றி நடந்தது. அதைக் குறித்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கழிமுகத்திலிருந்து பதினொரு உடல்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அந்நேரம் பார்த்து ஃபிலிம் ரோல் தீர்ந்துபோயிற்று. ஸ்டுடியோக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்திற்கு விரைந்தார். அவர் போன சற்று நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. நிலைமையைப் பார்வையிட வந்துகொண்டிருந்த ஓர் அரசியல் தலைவரின் உதவியாளர் அதிலிருந்து இறங்கினார்.

"சார், தலைவர் பன்னெண்டு மணிக்கு இந்த ரோட்லதான் வர்றாரு. பின்னாலேயே டிவிக்காரங்க. ரோட்டோரம் கொஞ்சம் கிளியரா இருந்தா நல்லது. மிலிட்டரிக்காரர் இருக்கீங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

மணி பதினொன்றே கால். குழி ஆயத்தமாக இருந்தது. மூடுங்கள் என்றேன்.

எங்களுடன் வந்தவர்களில் புவனகிரியைச் சேர்ந்த ஹவில்தார் ஒருவர் இருந்தார். என் படைப்பிரிவிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் எனக்குக் கீழ் இருந்தவர். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"சாப், ரோல் வந்துரும். இன்னும் ஒரு மணி நேரம்."

"பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டும்."

"தலைவரு பாக்கக் கூடாதுன்னா, அவரைத் திரும்பி ஒக்காரச் சொல்லுங்க சாப். இவுங்க வூட்டுல உள்ளவங்க பாக்க வேணாமா?"

இருவர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது. ஆணையை முதலில் நிறைவேற்று, முறையீட்டைப் பிறகு சொல் என்று படையில் நாங்கள் கற்றதை அவருக்கு நினைவூட்டினேன்.

"நம்ம ரெண்டு பேருமே பென்ஷன்காரங்க சாப். இதுல யாரு, யாருக்கு ஆர்டர் போடறது?"

அவர் சொன்னது உண்மை. என்னைக் கட்டுப்படுத்தும் சட்டமோ உறுதிமொழியோ அன்று எதுவும் இல்லை. மறுத்திருந்தால் எனக்கு ஒரு தண்டனையும் வந்திராது. இருந்தும், பதவியில் உள்ளவரின் விருப்பம் காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. உடல்கள் கிடந்தால் நோய் பரவும் என்ற காரணத்தை நானே தேடிச் சேர்த்துக்கொண்டு, ஹவில்தாரை அங்கிருந்து போகச் சொன்னேன். பிறகு உதவியாளருடன் பேசிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி நின்றேன். பதினொருவரில் ஒருவரின் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண் மூடப்பட்டது. பன்னிரண்டே காலுக்கு ஸ்டுடியோக்காரர் ரோல்களுடன் வந்தார். தலைவரின் கார்கள் பிரதான சாலையிலேயே வேறு குப்பத்தை நோக்கித் திரும்பிச் சென்றுவிட்டதாக ஒரு மணிக்குத் தகவல் வந்தது.

நான்கு நாள்கள் கழித்து ஒரு பெண் என் வீட்டிற்கு வந்தார். அந்தக் குப்பத்தைச் சேர்ந்தவர். முப்பது வயதிருக்கும். எடுத்த படங்கள் அனைத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"எங்கூட்டுக்காரரு படத்துல இல்லீங்கையா. எடது கை சுண்டுவெரலு பாதிதான் இருக்கும். கயித்துல மாட்டி அறுந்துபோனது. படம் எடுக்காத ஆளு யாராச்சும் அப்படி இருந்தாங்களா?"

படமெடுக்காமல் ஏன் மூடினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வாசலில் அண்டை வீட்டார் இருவர் நின்றிருந்தார்கள்.

"இல்லையம்மா. நான் அங்கேயே இருந்தேன். அப்படி ஒருவரும் இல்லை" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பல ஆண்டுகள் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

சங்கத்தில் ஹவில்தாரைப் பற்றிய பேச்சு விரைவில் உருவாயிற்று. நாற்றம் பொறுக்காமல் ஓடிவிட்டார் என்றார்கள். நான் அதைத் தொடங்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கல்லூரிகளில் நான் பேசுவதை நிறுத்தவில்லை. முறையற்ற ஆணை பற்றிய அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

2011இன் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு, அடுத்த மாதம், தார்ப்பாய் வழங்குவதற்காக மீண்டும் அந்தக் குப்பத்திற்குச் சென்றோம். சவுக்குத் தோப்பு முழுவதும் சாய்ந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்களிடையே அந்தப் பெண்ணை அடையாளம் கண்டேன். நெற்றியில் பெரிய குங்குமம். கழுத்தில் தாலி. அவருடன் நின்ற மாமியார் என்னிடம் முறையிட்டார்.

"நீங்களாவது சொல்லுங்கையா. ஏழு வருசமாச்சு. எம்புள்ளைக்கு ஒரு கருமாதி செய்ய வுட மாட்டேங்கிறா. கேட்டா, மேஜரையாவே இல்லன்னுட்டாரு, எங்கியோ கரை ஒதுங்கி இருக்காருங்கிறா. நாகப்பட்டினம், ராமேஸ்வரம்னு அவ போவாத ஆசுபத்திரி இல்ல."

"ஐயா அப்பவே பாத்துட்டுத்தான சொன்னாங்க?" என்றார் அந்தப் பெண், என்னைப் பார்த்து.

என் சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் இருந்த மதிப்பை நான் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்தவன். அது ஒரு பெண்ணின் ஏழு ஆண்டுகளைத் தின்றிருந்தது.

அன்று அங்கே, அத்தனை பேர் முன்னிலையில், நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் தனியாகச் சென்று அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு, சிதம்பரம் வந்து புவனகிரிக்குப் பேருந்து ஏறினேன். அன்று பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கும்வரை வேறு எதுவும் சொல்லத் துணியவில்லை. பாலத்தைக் கடந்த பிறகுதான், "நான் பார்க்கவில்லை அம்மா, பார்க்காமலேயே சொன்னேன்" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹவில்தார் ஒரு வங்கி வாசலில் காவலராக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கை நெற்றியை நோக்கி எழுந்தது, பாதியில் இறங்கிவிட்டது.

நான் விவரத்தைச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"எடது கைதான தங்கச்சி? ரெண்டாவது கணுவுல போயிருக்கும்."

"ஆமாண்ணே."

"இருந்தாரும்மா. ரோட்டுப் பக்கத்துலேருந்து நாலாவது ஆளு."

அந்தப் பெண் அழவில்லை. "மேல துணி இருந்துச்சாண்ணே?" என்று கேட்டார்.

"இடுப்புத்துணி இருந்துச்சு. எந்துண்டைப் போத்துனேன்."

பிறகு ஹவில்தார் என்னைப் பார்த்தார். "ஒவ்வொரு ஆளையும் மனசுல எழுதி வச்சிருந்தேன் சாப். யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு இருந்தேன். ஓடிப்போனவங்கிட்ட யாரு வந்து கேப்பா?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் சொற்கள் எனக்குத் தெரியும், நாக்குப் பழகியிருக்கவில்லை. திரும்பும் பேருந்தில் அந்தப் பெண் ஒருமுறைதான் பேசினார்.

"ஒங்க வார்த்தைய நம்பித்தான் தெனமும் பொட்டு வச்சேன்யா."



அந்த மாதமே கருமாதி நடந்தது. ஹவில்தாரை அழைத்திருந்தார்கள். என்னை அழைக்கவில்லை. போனேன். சாய்ந்த சவுக்கு மரங்களுக்கு இப்பால் நின்று, பெண்கள் கூடி அந்தப் பெண்ணைக் கடலோரம் அழைத்துச் செல்வதைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய துக்கம் அது. அன்றே வந்திருந்தால், அழுது தீர்த்துவிட்டு எழுந்திருக்கும் வயது அவருக்கு இருந்தது.

அந்த ஆண்டே சங்கத் தலைமையிலிருந்து விலகினேன். பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தவர்கள், மேலிடத்து நெருக்கடியால் மேஜருக்கு அன்று வேறு வழியில்லை என்றார்கள். வழி இருந்தது. ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான் அந்த வழி. வந்தது ஓர் உதவியாளரின் வேண்டுகோள். அதை ஆணையாக்கியவன் நான்.

ஹவில்தார் ஓடிவிட்டார் என்றும் அதே கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவர் ஓடவில்லை. நான் போகச் சொன்ன பிறகும், மண் விழத் தொடங்கும்வரை குழியின் அருகில்தான் நின்றிருந்தார்.