போடியில் ஓர் எட்டு எம்.எம்.

குறும்படம் எடுப்பவன் பாடு பரவாயில்லை. அதற்கு முன்னால் 'பரிசோதனை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டவன் தொலைந்தான். கதை கிடையாது, சண்டை கிடையாது, பாட்டும் கிடையாது. ஓர் இடம், அங்கே தினமும் நடக்கிற வேலை, அது யார் ஞாபகத்திலாவது தங்குமா என்கிற கேள்வி. இவ்வளவுதான் என் படம். இதே சோலியில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் என் மச்சானைப் போல ஒருவர் கட்டாயம் இருப்பார். அக்காவின் கணவர், போடியில் ஏலக்காய்க் கடை. அவர் எனக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்ளே, சொந்தக்காரன் இல்லாத ஒரே ஒரு ஆளு உன் படத்தைக் கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கட்டும், நான் வாயே தொறக்கலை. இல்லையா, கேமராவைப் பரண்ல போட்டுட்டு வந்து கடையில காய் சலி."

வெறும் வயிறு

முதலில் குரங்கணிக்குப் போனேன். டீக்கடையில் இருந்தவர்களிடம், "பரிசோதனைப் படம் எடுக்க வந்திருக்கேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்றேன். உடனே எல்லோரும் ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஊரில் கலையை இப்படி மதிக்கிறார்களே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பினால், முதல் ஆள் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் பாதி குடித்த டம்ளரை அவசரமாகக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "வெறும் வயித்துல வரணுமா தம்பி? நான் காப்பி குடிச்சுட்டேனே!"

அடுத்த ரவுண்டு

என்னுடையது பழைய எட்டு எம்.எம். ஃபிலிம் கேமரா. ஒரு சுருள் மூன்று நிமிஷம்தான் ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்துக்குப் போனேன். சிலமலையிலிருந்து தினமும் ஜீப்பில் வேலைக்கு வரும் பேச்சியம்மா, செடியின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் பழுத்த காயைக் கிள்ளி, பிஞ்சை விட்டு ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நின்ற கிறக்கத்தில் பொத்தானை அமுக்க மறந்துபோனேன்.

"அக்கா, அதே செடியில அதே மாதிரி மறுபடி ஒருக்கா எடுங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்த காயைத் திரும்பச் செடியில ஒட்டவா முடியும்? அடுத்த ரவுண்டு காய் பழுக்க நாப்பது நாளாகும். வெரசா போயிட்டு நாப்பது நாள் கழிச்சு வாங்க."

மானம் பார்க்காமல், அடுத்த செடியில் அவர் காய் எடுப்பதைப் படம் பிடித்தேன்.

வாய் திறக்காத ஜீப்பு

மலையிறங்கும் ஜீப்பை உள்ளிருந்து எடுக்க ஆசைப்பட்டேன். வளைவுகளின் சத்தம் மட்டும் என் ரெக்கார்டரில் விழ வேண்டும், மூச்சுக்கூட விடாதீர்கள் என்று டிரைவரிடமும் பெண்களிடமும் சத்தியம் வாங்கினேன். தினமும் பேச்சும் சிரிப்புமாக இறங்கும் ஜீப்பு அன்றைக்குக் கப்சிப். பாதி வழியில் ஓர் அம்மா ஏறினார். பதினைந்து முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் சுருளை நிறுத்தினேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டு டிரைவரைக் கேட்டார்: "எந்த வீட்டு எழவுன்னு சொல்லிட்டாவது உம்முன்னு இருங்கப்பா, மால வாங்கணும்ல?"

சரக்கு எங்கே?

ஒருவழியாகப் படம் முடிந்தது. ஃபிலிம் கேமராவில் எடுத்த பெருமையில் படத்துக்கு 'எட்டு எம்.எம்.' என்றே பெயர் வைத்து, "ஞாயிறு மாலை நான்கு மணி, அனைவரும் வந்து பார்க்கலாம்" என்று கடைவீதி முழுக்க நோட்டீஸ் ஒட்டினேன். ஏலக்காயைச் சல்லடையில் சலிக்கும்போது எட்டு மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே நிற்கிற பருத்த காய்க்கும் அதே பெயர்தான் என்பது, மச்சான் கடைக்குப் பத்து வருஷமாகப் போய்வரும் எனக்குத் தோன்றவேயில்லை.

வாடகைக்குப் பிடித்த மண்டபம் நிறைந்துவிட்டது. அத்தனை பேரும் ஏலக்காய் வியாபாரிகள். திரையில் ஜீப்பு மூன்றாவது வளைவு திரும்பும்போது, முன்வரிசைப் பெரியவர் எழுந்து என் முன்னால் உள்ளங்கையை விரித்தார். "படமெல்லாம் இருக்கட்டும் தம்பி, சரக்கைக் கண்ணுல காட்டுங்க."

கடைசி வரை

சரக்கு இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக நழுவினார்கள். மச்சான் வாசலில் நின்று ஒவ்வொரு தலைக்கும் ஒரு புன்னகை வைத்தார். நாளையிலிருந்து சல்லடைதான் என்று முடிவே செய்துவிட்டேன். படம் முடிந்து விளக்கைப் போட்டால், கடைசி வரிசையில் பேச்சியம்மா. தன் கைகளை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கையா தம்பி அது? முப்பது வருசமாக் கூடவே இருந்து காய் எடுக்குது, இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மச்சான் மெல்ல அருகில் வந்து, "இந்தம்மா நமக்குச் சொந்தமில்லையே?" என்று காதைக் கடித்தார். இல்லையென்று தலையாட்டினேன். சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பேச்சியம்மா கேட்டார்: "இன்னொருக்கா போடுவீகளா, இல்ல அதுக்கும் நாப்பது நாளாகுமா?"

படம் சலிக்கிறது என்று இனி யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. போடியில் சலிக்காமல் எட்டு எம்.எம். தேறியதாகச் சரித்திரமே இல்லை.